பந்தியில் பக்கத்து இடம்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு 750ஆம் இலக்க பஸ்ஸில் போகிறவர்களுக்கு அச்சுவேலி பாதி வழியில் வரும் சந்தை. கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்து அச்சுவேலியோடு நின்றுவிடும். அதற்கப்பால் மரமில்லாத வல்லை வெளி. தோட்டக்காரரும் வியாபாரிகளும் நிறைந்த இந்த ஊரில் சைவக் கோயில்களோடு கத்தோலிக்கக் கோயிலும் அமெரிக்க மிஷன் வழிவந்த தேவாலயமும் உண்டு. ஒருகாலத்தில் இங்கே ஒரு அச்சுக்கூடமும் இருந்தது. ஞானப்பிரகாச யந்திரசாலை என்பது அதன் பெயர். நடத்தியவர் தம்பிமுத்துப்பிள்ளை என்ற கத்தோலிக்கர்.

அவருடைய வீட்டில் வளர்ந்த ஒரு பையனின் கதை பலருக்குத் தெரியாது. 1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பமொன்றில் வைத்திலிங்கம் என்ற பெயரோடு பிறந்தவன் அவன். ஆறுமுக நாவலருக்கு உறவுக்காரக் குடும்பம். ஐந்து வயதில் தகப்பன் இறந்துபோனார். தாய் தங்கமுத்து தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்தார். 19ஆம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தில் விதவை ஒருத்தி மறுமணம் செய்வதே பேச்சுக்கு இடமான காரியம். பிள்ளையோடு வேறு சமயத்து வீட்டுக்குப் போவதென்றால் கேட்கவே வேண்டாம். பையன் அந்த வீட்டுப் பிள்ளையானான். ஞானஸ்நானத்தில் அவனுக்குக் கிடைத்த பெயர் ஞானப்பிரகாசர். பிறகு 1901இல் குருவாகி, நல்லூரில் தங்கி, சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியும் யாழ்ப்பாண வரலாற்று நூல்களும் எழுதிய நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் இவர்தான். பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட ஒரு வீட்டிலிருந்து தமிழுக்குக் கிடைத்த அறிஞர்.

விருந்தினரைக் குடும்பத்தவராக ஏற்பது கிறிஸ்தவத்தின் மூலபாடங்களில் ஒன்று. ஆபிரகாம் வெய்யில் வேளையில் கூடாரத்து வாசலில் இருந்தபோது வந்த மூன்று வழிப்போக்கருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து விருந்து சமைத்த கதை பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. அந்நியனை ஏற்றுக்கொண்டவன் தன்னையே ஏற்றுக்கொண்டவன் என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கின் 53ஆம் அத்தியாயம், மடத்துக்கு வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கச் சொல்கிறது. இதெல்லாம் ஞாயிறு பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிற விஷயம்.

ஆனால் யாழ்ப்பாணத்துக்கு விருந்தோம்பலை வெளியாள் வந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வழிப்போக்கர் ஒதுங்குவதற்கென்றே கூரை போட்ட சங்கடப் படலை, தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, கோடையில் தண்ணீர்ப் பந்தல், வீட்டு முகப்பில் திண்ணை எல்லாம் இங்கே ஏற்கனவே இருந்தவை. இன்றைக்கும் யார் வீட்டுப் படலையைத் திறந்தாலும் “வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்ற மூன்றும் ஒரே மூச்சில் வரும். குறை வேறிடத்தில் இருந்தது. வருகிறவர் எதுவரை வரலாம், எதிலே குடிக்கலாம், யாருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடலாம் என்பதெல்லாம் அவர் பிறந்த சாதியைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டது.

பழைய வீடுகளில் தண்ணீர் கொடுக்கும் பாத்திரங்களைப் பார்த்தாலே இது விளங்கும். மதிப்புக்குரியவருக்குச் செம்பு அல்லது மூக்குப்பேணி. மூக்குப்பேணி என்பது பக்கத்தில் சிறு மூக்கு வைத்த பித்தளைப் பேணி. வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கலாம், அடுத்தவருக்கும் அப்படியே கொடுக்கலாம். அழகான கைவேலை. முற்றத்தைத் தாண்டி வர அனுமதியில்லாதவருக்குச் சிரட்டை, இல்லாவிட்டால் பனையோலையில் கோலிய பிளா. குடித்துவிட்டு எறிந்துவிடலாம். தண்ணீர் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். தாகத்துக்கு மறுக்காமல் கொடுத்ததை விருந்தோம்பல் என்றால், சிரட்டையில் கொடுத்ததை என்னவென்பது?

ஆகவே இந்த மண்ணில் கிறிஸ்தவ உபசாரத்தைச் சோதிக்கிற இடம் வாசலல்ல, பந்தி. இந்தச் சோதனை ஆதிச்சபைக்கே வந்த ஒன்று. அந்தியோக்கியா நகரில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சொந்தச் சனம் வந்ததும் மெல்ல எழுந்து விலகிவிட்டார். பவுல் எல்லாருக்கும் முன்னால் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுலே இதைச் சொல்கிறார். திருச்சபையின் தலைமை அப்போஸ்தலரே உறவினர் என்ன சொல்வார்களோ என்று பயந்து பந்தியை விட்டு எழுந்தவர் என்பது யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி போலத்தான் இருக்கும்.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறி விடுதிப் பாடசாலை தொடங்கியபோது அவர்களுக்கு வந்த முதல் தொல்லைகளில் ஒன்று குசினி. வேதம் படிக்கப் பிள்ளைகள் வந்தார்கள், ஆங்கிலமும் கணிதமும் படிக்க வந்தார்கள். மிஷன் வளவில் சமைத்ததைச் சாப்பிட மட்டும் வரவில்லை. எனவே அயலில் சைவர் ஒருவரின் காணியில் சமையல் நடந்தது. படிப்பு ஒரு வளவில், சோறு இன்னொரு வளவில். மிஷனரிமார் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்ததைக் கோழைத்தனம் என்பவரும் உண்டு, பொறுமை என்பவரும் உண்டு. பிள்ளைகள் வராமலே போயிருந்தால் இரண்டு பேச்சுக்கும் இடமிருந்திராது.

உடுவில் மகளிர் பாடசாலையின் தொடக்கத்தைப் பற்றியும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சொல்பவருக்குச் சொல்பவர் விபரம் மாறும், சாரம் மாறாது. மாரி காலத்தில் ஒருநாள் இரண்டு சிறுமிகள் மழைக்கு மிஷன் வீட்டில் ஒதுங்கினார்கள். பொழுதுபட்டும் மழை விடவில்லை. பசித்த பிள்ளைகளுக்கு மிஷனரியின் மனைவி ஹரியற் வின்ஸ்லோ உணவு கொடுத்தார். அவர்கள் சாப்பிட்டும் விட்டார்கள். இனி அந்தப் பிள்ளைகளை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது தெரிந்ததால், வீட்டாரே அவர்களை அங்கே விட்டுவைக்கச் சம்மதித்தார்களாம். 1824இல் அந்தப் பாடசாலை விடுதியோடு தொடங்கியது. பெண் கல்வியின் வரலாறு என்று புத்தகத்தில் எழுதப்படுவதற்கு அடியில் இப்படி ஒரு கோப்பைச் சோறு கிடக்கிறது.

மிஷனரிமாருடைய மேசையும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. இதை உலகறியச் சொன்னவர் ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் மேடையேறி, வெள்ளையரின் தியாகத்தை மெச்சிவிட்டு, இத்தனை ஆண்டு கூட வேலை செய்கிற இந்தியனை உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்ற பொருள்படக் கேட்டார். தர்மம் போதும், நட்பைத் தாருங்கள் என்பதே அவர் கோரிக்கை. மண்டபத்தில் பலருக்குக் கோபம் வந்தது. இதே அசரியா எட்டாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணம் வந்தவர். இங்குள்ள கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு சேர்த்துக் கடலுக்கு அக்கரையில் தொண்டியில் ஊழியம் நடத்துவதைப் பார்த்த பிறகுதான், திருநெல்வேலியிலும் அப்படியொரு சங்கம் வேண்டுமென்று 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தோன்ற வழிசெய்தார்.

அசரியாவின் கேள்விக்கு மிக நேரடியான பதில் திருப்பத்தூரில் கிடைத்தது. சவரிராயன் ஜேசுதாசன் தமிழ் டாக்டர். ஏர்னஸ்ட் பொரெஸ்டர் பேற்றன் ஸ்கொட்லாந்தில் கம்பளி நூல் ஆலை வைத்திருந்த பணக்காரக் குடும்பத்து டாக்டர். இருவரும் சேர்ந்து 1921இல் அன்றைய வட ஆற்காடு மாவட்டத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர் உடை, மரக்கறிச் சாப்பாடு, திருமணம் இல்லை, ஏழைகளுக்கு வைத்தியம். தரையில் ஒரே வரிசையில் இருந்து எல்லாரும் சாப்பிட வேண்டும். கோயிற் கோபுரம் வைத்த ஜெபாலயம் ஒன்றும் கட்டினார்கள்.

அங்கே யாரும் யாரையும் ‘ஐயா’ என்றோ ‘துரை’ என்றோ கூப்பிடவில்லை. ஜேசுதாசன் பெரியண்ணன், பேற்றன் சின்னண்ணன். ஆங்கிலேய ஆட்சி நடக்கும் நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பி முறையாக இருப்பது சும்மா உறவு கொண்டாடுகிற காரியமல்ல. அதற்கு விலையும் உண்டு. 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த தெருவில் கதரோடு நின்ற பேற்றனைப் பொலிஸார் அடித்தார்கள். கதர் கட்டிய வெள்ளையரை அவர்களுக்கு எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று தெரிந்திருக்காது. விஷயம் லண்டனில் நாடாளுமன்றம் வரை போனது. சின்னண்ணன் ஊருக்குத் திரும்பிவிடவில்லை.

இந்த ஆசிரம வழி யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. காங்கேசன்துறை வீதியில் சுன்னாகத்துக்குக் கிட்ட மருதனார்மடத்தில் 1939இல் தொடங்கிய கிறிஸ்த சேவா ஆசிரமத்தை நடத்தியவர் சேவக் செல்வரத்தினம். அங்கே இருப்பவருக்குப் பட்டம் ‘சேவக்’ மட்டுமே, ஊழியன் என்று பொருள். ஆசிரமங்களுக்கு ஒரு குறையுண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வீட்டையும் சொத்தையும் விட்டு வந்தவர்கள் ஒரே பந்தியில் இருப்பது ஒப்பீட்டளவில் சுலபம். பெண் கொடுத்து எடுக்க வேண்டிய, சீதனம் பேச வேண்டிய குடும்பஸ்தருக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும்?

பொருந்தச் செய்ய முயன்ற இளைஞர்கள் இருந்தார்கள். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியோடு தொடர்புடைய ஹன்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் 1924இல் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் இவர்களே. சம ஆசனம், சம போசனம் என்பது அவர்களுடைய பேச்சில் ஓயாமல் வந்த கோரிக்கை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும், விடுதியில் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து அல்லது வகுப்புக்கு வெளியே நின்று படித்த பள்ளிக்கூடங்கள் இருந்தன. உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டுமென்று அரசு சொன்ன 1930ஐ ஒட்டிய நாட்களில் பள்ளிக்கூடக் கொட்டில்கள் எரிந்தன. ஒரு வாங்குக்காக.

கிறிஸ்தவர் இதில் சுத்தமான கையோடு நிற்கவில்லை. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலையே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்துப் பிரித்து, பீடத்தை மட்டும் இரு பக்கத்தாரும் பார்க்கும்படி கட்டியிருந்தார்கள். அந்தச் சுவரை 1910இல் கொசனேல் என்ற பிரெஞ்சுக் குருவானவர் இடிப்பித்தார். உயர்சாதிக் கிறிஸ்தவர் கோர்ட்டுக்குப் போனார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், வழக்கில் தோற்றார்கள். நற்கருணை ஒரே அப்பமென்று ஞானோபதேசம் படித்தவர்கள்தான் அந்தச் சுவருக்காக வழக்காடினார்கள்.

அதே தென்மாவட்டங்களில்தான் அசனம் என்ற வழக்கமும் வேரூன்றியிருக்கிறது. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துச் சபைகளில் ஆண்டுக்கொருமுறை பண்டிகை வந்தால் ஊரே கூடிச் சமைத்து ஊரே கூடிச் சாப்பிடும். வீட்டுக்கு வீடு வரி. பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். முன்பெல்லாம் பனையோலைப் பட்டையில் பரிமாறுவார்கள். சென்னையிலும் மும்பையிலும் வேலை பார்க்கிறவர்கள் அசனத்துக்கென்று ரயிலேறுவார்கள். யார் அரிசி, யார் வெங்காயம் உரித்தது என்று அந்தச் சோற்றில் பிரித்துப் பார்க்க வழியில்லை.

யாழ்ப்பாணத்தில் பந்திக் கட்டுப்பாட்டைப் பலமாக ஆட்டியவை பிரசங்கங்களை விடப் போராட்டமும் போரும். 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைவதற்கு ஒடுக்கப்பட்ட சாதியார் நடத்திய போராட்டங்கள் அவர்களுக்கென்று வைத்திருந்த தனிப் போத்தலையும் தனிப் பேணியையும் கடைகளை விட்டு விரட்டின. மிச்சத்தை இடப்பெயர்வு செய்தது.

1990 ஜூனில் பலாலி, வசாவிளான், காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் வீடுகளை விட்டு வெளிக்கிட்டது. கிழமையில் திரும்பலாம் என்று சாவியை மடியில் முடிந்துகொண்டு வந்தவர்களில் பலர் இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் திரும்பவில்லை. நெல்லி ரசத்துக்குப் பேர்போன தோலகட்டி ஆசிரமம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. தோமஸ் அடிகளார் 1928இல் ஜெபமாலைத் தாசர் சபையைத் தொடங்கிய இடம் அது. வெளிக்கிட்ட சனம் கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தெரிந்தவர் வீட்டு விறாந்தைகளிலும் ஒதுங்கியது. விறாந்தையில் பாய் விரித்துக் கொடுக்கும்போது சாதி விசாரிக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. விசாரித்த வீடுகளும் இல்லாமலில்லை.

தஞ்சம் கொடுக்கிற இடம் பாதுகாப்பான இடமென்றும் இல்லை. 1995 ஜூலை 9ஆம் திகதி, வலிகாமத்தில் இராணுவம் முன்னேறியபோது ஓடிவந்த சனம் நவாலி புனித பேதுருவானவர் கோயிலிலும் சுற்றாடலிலும் தங்கியிருந்தது. விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த ஆண்டு ஒக்ரோபரில் இராணுவம் அச்சுவேலி, புத்தூர் வழியாக யாழ்ப்பாண நகரை நோக்கி நகர்ந்தது. 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தையும் செம்மணி வெளியையும் நோக்கி நடந்தது. நாலைந்து இலட்சம் சனம், கொட்டும் மழை, ஒடுங்கின பாதை. தென்மராட்சியில் ஒரு வீட்டுக்குப் பத்து, பதினைந்து குடும்பங்கள் என்று இருந்த காலம் அது. ஒரு கிணறு, ஒரு கக்கூசு, முற்றத்தில் வரிசையாக மூன்று கல் அடுப்புகள். சீனியும் மண்ணெண்ணெயும் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் வாங்கிக்கொண்டார்கள். கறி குறைந்தவருக்குக் கறி போனது.

அதே 30ஆம் திகதிக்கு இன்னொரு முகமும் உண்டு. சரியாக ஐந்து ஆண்டுக்கு முன், 1990 ஒக்ரோபர் 30இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். வடக்கு முழுவதுமாகச் சுமார் 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலானவர்களை ஏற்றுக்கொண்டது புத்தளம். தலைமுறை தலைமுறையாகப் பெருநாளுக்குப் புரியாணி வாங்கிச் சாப்பிட்ட அயலவர் படலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயம் இருந்தது உண்மை. யாழ்ப்பாணத்து விருந்தோம்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போவது வழக்கமாகிவிட்டது.

போருக்குப் பிறகும் பந்தி பல ஊர்களில் நடக்கிறது. ஆவணி மாதம் மடு மாதா திருவிழாவுக்குப் போகிறவர்களில் சைவர்களும் கணிசம். மர நிழலில் கூடாரம் அடித்துப் பக்கத்துக் கூடாரத்தாரோடு சேர்ந்து சமைப்பார்கள். ஜேர்மனியில் கெவலார் என்ற மாதா யாத்திரைத் தலத்திலும் ஒவ்வொரு ஓகஸ்ட்டிலும் ஐரோப்பியத் தமிழர் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். பூசை முடிந்ததும் புல்தரையில் பாய் விரித்துப் புளிச்சாதமும் இறைச்சிக் கறியும் திறந்தால், அங்கே நிற்கிற தமிழர் எவரும் பசியோடு திரும்ப முடியாது.

அச்சுவேலி போன்ற கலப்பு ஊர்களில் நத்தார் வந்தால் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து சைவ வீடுகளுக்குத் தட்டம் போகும். தட்டத்தை அடுக்குவதே ஒரு கலை. முட்டை போட்ட கேக் இந்த வீட்டுக்குப் போகலாம், அந்த வீட்டுக்குக் கூடாது, அங்கே ஆச்சி விரதம். பயற்றம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் கதலி வாழைப்பழமும் எல்லா வீட்டுக்கும் பொது. மச்சம் படாத சைவச் சட்டியொன்றைப் பரணில் வைத்திருக்கும் கத்தோலிக்க அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள், சைவ விருந்தாளி வந்தால் எடுப்பதற்கு. மூன்று கிழமையில் தைப்பொங்கல் வரும். அப்போது புக்கையும் வடையுமாக அந்தத் தட்டம் திரும்பி வரும். வெறுந்தட்டமாக ஒருபோதும் வராது.

கல்யாண மண்டபங்களில் இப்போது ‘பஃபே’. யாருக்குப் பக்கத்தில் யார் என்ற கேள்வியைச் சமையல் ஒப்பந்தக்காரர் இல்லாமலாக்கிவிட்டார். குசினிக்குள் யார் நுழையலாம் என்ற கேள்வியும் அவரோடு போயிற்று. ஆனால் அந்தக் கல்யாணத்தை நிச்சயிக்க ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கொடுத்த மணமக்கள் தேவை விளம்பரத்தை எடுத்துப் பார்த்தால், ‘ஆர்.சி.’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப் பெயரும் அச்சாகியிருக்கும். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கும் அதே விளம்பரம்தான், ரொறன்ரோ என்றாலும் பாரிஸ் என்றாலும்.